லாரிக்குச் செய்த இரும்புக் கை

மனிதர்களில் 'நானே பண்ணிடறேன்' என்றொரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. கடையில் தயாராகக் கிடைப்பதை வாங்குவது தன்மானத்துக்கு இழுக்கு என்றும், வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது கையாலாகாதவர்களின் வழக்கம் என்றும் மனதார நம்புகிறவர்கள். இவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் கெட்டுப் போனதில்லை. எல்லாமே 'இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி' என்ற நிலையில் திறந்து கிடக்கும். மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு ஆறிவிடும்.

என் மனைவியின் அக்காளைக் கட்டிய என் சகலை, இந்த ரகத்தில் முதல் தரம். ஐம்பது வருடப் பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறார். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், தையற்காரி. அதுவரை தைத்துக்கொண்டிருந்த வாடகை அறையைச் சனிக்கிழமை மதியத்துக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புதுக் கடை திறக்க வேண்டும். இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, ஓர் அலமாரி. சாமான் ஏற்ற லாரிதான் இருக்கிறதே என்று அண்ணி நிம்மதியாக இருந்தார். முதல் முறையாகத் தன் பெயரில் ஒரு கடை. அந்தச் சந்தோஷத்தில் அவர் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

லாரி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சகலையால் பொறுக்க முடியாதது அதுதான்.

திங்கட்கிழமை காலையில், லாரிக்கு மின்சாரம் தரும் டைனமோவைக் கழற்றிவிட்டார். அதன் தயவில் விளக்கு மங்கலாக எரிகிறதாம். அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்ற புது ரகம் போட்டால் பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறிப் பளிச்சென்று எரியுமாம். பட்டப்பகலில் சாமான் ஏற்றுவதற்கு விளக்கு எதற்கு என்று நான் கேட்டேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. அதை என்ஜின் பக்கத்தில் பிடித்து நிறுத்த ஓர் இரும்புக் கை வேண்டும், பிராக்கெட் என்பார்கள். தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, அரை மணி நேர வேலை, கொண்டு வாருங்கள் என்றார். சகலைக்கு முகம் சிவந்தது. "அரை மணி நேரத்துல பண்றதெல்லாம் ஒரு பிராக்கெட்டா?" என்றார்.

சொன்னபடியே அரை மணி நேரத்தில் செய்யவில்லை. ஐந்து நாள் செய்தார்.

முதலில் அட்டையில் மாதிரி வெட்டினார். செருப்புப் பெட்டி, சட்டைப் பெட்டி, என் மனைவி இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரே உறை, இப்படி வீட்டில் விறைப்பாக இருந்த எல்லாமே பிராக்கெட் வடிவம் எடுத்தது. கடைசியில் அண்ணி ரவிக்கைக் கைக்கு வைத்திருந்த அளவு அட்டையில்தான் பதினோராவது மாதிரி சரியாக அமைந்தது. அதன்படி இரும்பை அறுத்து, ராவி, ஓட்டை போட்டு, வெல்டிங் வைத்து, நீலப் பெயின்ட் அடித்து, காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மனிதர் இப்படி விசிறியதில்லை என்று அண்ணி என் மனைவியிடம் சொன்னாராம்.

சனிக்கிழமை காலை. மெஷின்கள் வாசலில். சாவி அண்ணி கையில். சகலை பிராக்கெட்டை என்ஜினில் வைத்தார். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. ஆனால் ஆல்டர்னேட்டரைப் பிடிக்க வேண்டிய கை, என்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியேட்டருக்குள் போகப் பார்த்தது.

தட்டைத் தகடாக இருந்தால் புரட்டிப் போட்டுவிடலாம். இதில் கையை வெல்டிங் வைத்தாகிவிட்டதே! சகலை என்ஜினின் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மிகவும் தெளிவான குரலில் சொன்னார்:

"பிராக்கெட் சரியாத்தான் இருக்கு. என்ஜின்தான் பக்கம் மாறியிருக்கு."

என்ஜினின் மறுபக்கத்தில் மாட்டினால் கச்சிதமாக இருக்குமாம். அங்கே சைலன்சர் குழாய் குறுக்கே வருகிறதாம். அதனாலென்ன, புதுச் சைலன்சர் ஒன்று தானே பண்ணிவிடுகிறாராம்.

அண்ணி அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க, நல்ல பக்கம், உள் பக்கம் பாக்காம வெட்டிட்டீங்க. வலது கைக்கு இடது கை தச்சு வச்சிருக்கீங்க" என்றார். அழுக்குப் படாத பக்கத்தில் பென்சில் நன்றாக விழுகிறது என்று சகலை அட்டையைக் கவிழ்த்து வரைந்திருக்கிறார். அண்ணி கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பழக்கடைக்காரரின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி வந்தார்.

நாலு நடை. அண்ணி, என் மனைவி, நான். எனக்கு இடுப்பு போயிற்று. நாலாவது நடைக்குச் சகலையும் கூட வந்தார். வண்டிச் சக்கரம் கிறீச்சிடுகிறது, கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மதியத்துக்குப் பத்து நிமிடம் முன்பு சாவி கைமாறியது.

புதுக் கடையில் பெயர்ப்பலகை தரையில் கிடந்தது. தொங்கவிட ஏதுமில்லை. அண்ணி அதைப் பார்த்தார், சகலையின் கையிலிருந்த நீலப் பிராக்கெட்டைப் பார்த்தார், வாங்கி வாசலின் ஓரத்தில் சுவரில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. சகலைக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"இதே மாதிரி அந்த ஓரத்துக்கும் ஒண்ணு வேணுங்க. கை மட்டும் எதிர்ப்பக்கம் பாக்கணும். அட்டையைத் திருப்பி வச்சு வரைஞ்சாப் போதும்" என்றார் அண்ணி.

சாயங்காலத்துக்குள் சகலை செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டார். அப்பழுக்கில்லாத வேலை. லாரிக்கு வேண்டிய பிராக்கெட் அதுதான் என்பது எனக்கு உறைத்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பலகை நேராகத் தொங்கியது. அதை அண்ணாந்து பார்த்தபடி அண்ணி நின்றதைக் கண்டபோது, போன இடுப்பு போகட்டும் என்று தோன்றியது.

லாரி அப்படியேதான் நிற்கிறது. சகலை சைலன்சருக்கு அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? இருங்கள். படித்துக்கொண்டு வரும்போதே, 'கையை அறுத்துத் திருப்பி வெல்டிங் வைத்திருக்கலாமே, நானாயிருந்தால்' என்று மனத்துக்குள் கணக்குப் போட்டீர்களா, இல்லையா? போட்டிருந்தால், நானும் இந்த ரகமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். ஆறு மாதமாக நான் முட்களைக் கழற்றித் தட்டில் வைத்திருக்கும் சுவர்க் கடிகாரத்தை என் மனைவி ஒரு தரம் பார்த்தாள். உங்கள் வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.