சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கேட்டவர்

கர்நாடக எல்லையை ஒரே நாளில் பத்து முறைகூடத் தாண்டிவிடலாம். ஓசூரில் எங்கள் கம்பெனி கேட்டில் நிற்கும் ‘நம்பர்’ அண்ணனை ஒரு முறை தாண்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். காக்கிச் சட்டை, கையில் நீள நோட்டு. உள்ளே வரும் எந்த வண்டிக்கும் நம்பர் வேண்டும். தமிழில் கேட்பார், கன்னடத்தில் ‘நம்பர் ஹேளி’ என்பார், தெலுங்கில் அதட்டுவார். பிளேட்டில் சேறு இருந்ததென்று எம்.டி.யின் காரையே நிறுத்தித் துடைக்க வைத்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இவரிடம் நான் மாட்டியது என் புத்திசாலித்தனத்தால். ஒரு காலை மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ் அசையாமல் நின்றது. கீரைக்கட்டுகளோடு ஒருவர் சைக்கிளில் எங்கள் பஸ்ஸை, நான்கு லாரிகளை, மேனேஜரின் காரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். பொறி தட்டியது. அந்த வாரமே பெங்களூரில் ஒரு நீல கியர் சைக்கிள் வாங்கி, அத்திப்பள்ளி வழியாக ஓட்டியே வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் ஹெல்மெட்டும் கையுறையுமாக கேட்டில் போய் நின்றேன்.

“நம்பர் சொல்லுங்க சார்.”

சைக்கிளுக்கு ஏது நம்பர் என்றேன். நோட்டில் ‘வண்டி எண்’ என்ற கட்டத்தைக் காட்டினார். அது காலியாக இருந்தால் வண்டி உள்ளே வரவில்லை என்று அர்த்தமாம். உள்ளே வராத வண்டியைச் சாயங்காலம் எப்படி வெளியே விடுவது என்று என்னையே கேட்டார்.

எச்.ஆருக்கு மெயில் போட்டேன். பார்க்கிங் வாகனங்களுக்கு மட்டும், சைக்கிள் பட்டியலில் இல்லை என்று பதில். பசுமையைக் காப்போம் என்று சைக்கிள் படம் போட்டு கேன்டீனில் போஸ்டர் ஒட்டியவர்களும் இவர்களேதான்.

வெறுப்பில் என் எம்ப்ளாயி நம்பரை ஒரு பலகையில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போனேன். நம்பர் அண்ணன் குனிந்து நிதானமாகப் படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“ஆர்.சி. புக்கு எடுங்க சார்.”

அன்றிலிருந்து சைக்கிள் கேட்டுக்கு வெளியே, டிரான்ஸ்பார்மர் வேலியில் பூட்டோடு வெயில் காய்ந்தது. மூன்றே வாரம். ஒரு மாலை ஷிப்ட் முடிந்து வந்தால் வேலி மட்டும் இருந்தது. எவனோ பூட்டையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, பிரேம் நம்பர் என்ன. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பில்லையும் தொலைத்திருந்தேன். நீலம் என்றேன். ஊரில் பாதி சைக்கிள் நீலம் என்றார். வந்த ஆத்திரத்தை எல்லாம் சுமந்துகொண்டு நேராக கேட்டுக்கு நடந்தேன்.

“உங்க ஒரு கட்டத்துக்காக என் வண்டி போச்சுணா. இப்ப நிம்மதியா?”

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். தேதி வாரியாக, ‘நீல சைக்கிள், வெளியே’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நீண்ட எண். பெடல் அச்சுக்கு அடியில், பிரேமில் பொறித்திருக்கும் எண்ணாம். தினமும் தரையில் படுத்துப் பார்த்து, அதே வண்டிதானா என்று சரிபார்த்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது.

“நம்பர்தான் இருந்துச்சே, உள்ள விட்டா என்னாணா?”

“கம்பெனி கேக்கறது ஆர்.டி.ஓ. நம்பருங்க சார். இது நானா எழுதிக்கினது. வெளிய நிக்குதே, பாவம்னு.”

அந்த எண்ணை வைத்துத்தான் ரைட்டர் புகாரை எழுதிக்கொண்டார். இரண்டு வாரமாகத் தகவல் இல்லை. அதனால் வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் பாகலூர் ரோட்டில் தொடங்கி, பழைய சைக்கிள் விற்கும் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். திட்டம் அவருடையது. நீலமாக எது நின்றாலும் கவிழ்த்துப் படிப்பது; கடைக்காரர் சண்டைக்கு வந்தால் அவர் மொழியிலேயே சமாளிப்பது. வாரத்தில் அவருக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. அஞ்செட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் வருகிறார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. காலை டிபன் மட்டும் என் ரூமில்தான் என்று சொல்லியிருக்கிறேன்.