பாட்டாய்ப் பதில் சொன்ன தலைவர்

சம்பந்தம் பேசி வெற்றிலை மாற்றிய மறுநாளே, மாமனாரை எப்படி அழிப்பது என்று நல்லரத்தினம் யோசிக்க வேண்டியதாயிற்று. கசெற்றிலிருந்துதான். ஆளையே அழிப்பதற்கு அந்நாட்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவித் துறையடியில் அவனுக்கு ஒரு றெக்கோடிங் பார். கரண்ட் இருந்து, ஊரடங்குச் சட்டம் இல்லாவிட்டால் பாட்டுப் பதிந்து கொடுப்பான். இரண்டும் ஒத்துவராத காலம். சும்மா இருந்த கை ஒரு பகிடிக் கசெற் செய்தது. கேள்வி அவனுடைய குரலில். பதிலெல்லாம் சினிமாப் பாட்டுகளில் வெட்டி ஒட்டிய துண்டுகள். பேட்டி கொடுப்பவர், ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைவர் கோணாமலை.

"தலைவரே, நிவாரண அரிசி எங்கே?"

உலகமே பொய் என்று ஒரு சாமியார் உருகுவார்.

"சீனியாவது வந்ததா?"

கனவில் கண்டதாக ஒரு காதலி சிணுங்குவாள்.

"புது மாடிவீடு எப்படி வந்தது?"

கடவுள் கொடுத்தது என்று ஒரு பக்திப் பாட்டு, மேளதாளத்தோடு.

தோணியில் போட்டுக் கேட்கவென்று ஒரேயொரு பிரதியைத் தோணிக்காரச் சீனித்தம்பிக்குக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகுதான் கோணாமலை ஆளனுப்பி, மகள் அன்னப்பூரணியையும் அந்த மாடிவீட்டையும் அவனுக்குத் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறினால் போதுமாம். கோயில் திருவிழாக்களில் அன்னப்பூரணி நின்ற பக்கமே சாமி இருப்பதாக எண்ணிக் கும்பிட்டு வந்தவன் அவன். ஊர் வாயைப் பிளந்தது. நல்லரத்தினம் வியக்கவில்லை, தன் முகவெட்டு அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

"சீனித்தம்பியண்ணன், அந்தக் கசெற்றத் தாங்க. அதுல ஒரு பிழ கிடக்கு."

"என்ன பிழ? சனம் சிரிச்ச சிரிப்பில தோணி கவிழப் பாத்திச்சு."

"கேக்கக்கூடாத ஆள் கேட்டா என்ட கலியாணம் கவிழ்ந்திரும்."

சீனித்தம்பி தோணி வலித்த சவளை நிறுத்தினான். அதுவரை பகிடியாக இருந்தது, இப்போது இரகசியமாகிவிட்டது. அதைக் காப்பதற்குத்தான் கசெற் அவன் கையில் இல்லை.

"ஒள்ளுப்பம் முந்தி வந்திருக்கலாமே தம்பி. காத்தான்குடி மஜீட் காக்கா கேட்டார், குடுத்திட்டன்."

மஜீட்டின் கசெற் கடையில் அது பல பிரதிகளாகியிருந்தது. நல்லரத்தினம் விலை பேசாமல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனான். ஒன்று தவறியிருக்குமோ என்று மறுநாள் போய்ப் பார்த்தால், மேசை நிறைய அதே கசெற்.

"இதென்ன காக்கா?"

"நேத்து நீங்க அள்ளின அள்ளலப் பாத்தபிறகுதான் தம்பி இதுட கிராக்கி எனக்கு விளங்கிச்சு. விடிய விடிய அடிச்சன். எத்தின வேணும்?"

வாங்கி மாளாது என்று கண்டவன் புத்தியால் வெல்லப் பார்த்தான். கோணாமலையின் பெயர் வரும் தொடக்கத்தை மட்டும் மாற்றி, வேறோர் ஊரின் பேரில் 'வம்மித்தீவுச் சங்கத் தலைவரோடு ஒரு சந்திப்பு' என்று பதிந்து மஜீட்டிடம் இலவசமாகவே கொடுத்தான்.

"இனி இத வில்லுங்க காக்கா."

மஜீட் இரண்டையும் விற்றார். வம்மித்தீவிலும் ஒரு சங்கக்கடை இருந்தது. அங்கும் அரிசி இல்லை. அங்கும் தலைவர் ஒருவர் இருந்தார். நாட்டில் இவை சேர்ந்தே இருப்பவை. வீதிச் சோதனைச் சென்றியில் பறித்து வைத்துக் கேட்ட ஆமிக்காரர் மட்டும், ஒரு பாட்டும் முழுசாக இல்லையென்று கசெற்றைத் திருப்பிக் கொடுத்தார்களாம். மற்றபடி வாவியின் இரு கரையிலும் அதைக் கேளாத காது இல்லை. கொக்கட்டிச்சோலையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், செய்தியை நிறுத்திவிட்டு அதைப் போட்டார். இரண்டிலும் கேள்விக்குப் பதில் கிடையாது. இதிலாவது இசை இருந்தது.

வம்மித்தீவுத் தலைவர் சைக்கிளில் வந்து, பழைய கசெற்றையும் புதிய கசெற்றையும் கோணாமலையின் மேசையில் வைத்தார்.

"ரெண்டிலயும் ஒரே குரல். ஒங்கட மருமகன்ட குரல்," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடியாமல் போய்விட்டார்.

நல்லரத்தினத்துக்கு அழைப்பு வந்தது. கோணாமலை மாடிவீட்டு விறாந்தையில் வெற்றிலைத் தட்டத்தோடு இருந்தார். மனைவி இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, இது சம்பந்தம் பேச முதல் செய்தது."

"தெரியும். அப்ப எத்தின பேர் கேட்ட?"

"சீனித்தம்பியண்ணன்ட தோணியில போன ஒரு பத்துப் பேர்தான் மாமா."

"இப்ப?"

நல்லரத்தினம் வாவியைப் பார்த்தான். "காத்தான்குடி தொடக்கம் கொக்கட்டிச்சோலை மட்டும்."

கோணாமலை வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப இந்தக் கலியாணம் வேணாம்."

"மாமா, ஒங்கட காதில விழப்படாதெண்டுதான் நான் இவ்வளவு பாடுபட்ட."

இலட்சுமிப்பிள்ளை, அவன் வாய் வைக்காத தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பத்துப் பேரில இவரும் ஒராள் மனே, பதினோராம் ஆள் கேக்காம இருக்கத்தானே பிள்ளையையும் வீட்டையும் ஒனக்குத் தாறமெண்டு ஆளனுப்பின."