நீர்யானையின் விக்கல் குறித்துத் திருத்தம் கோரி

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழில் முப்பத்தொரு ஆண்டுகள் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் உதவி ஆசிரியர்களும் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இடது முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நானும் நலமே. தாங்கள் பொறுப்பேற்கும் முன்பே நான் வெளியேறிவிட்டதால் என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நான் எழுதிய இரண்டு வரி தங்கள் இதழில் வெளியாகி, இன்று என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்பதே இந்த விண்ணப்பம்.

எங்கள் தெருமுனை பாரில் புதன்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குப் பொது அறிவுப் போட்டி நடக்கிறது. ஆறு மேசை, மேசைக்கு நான்கு பேர். எங்கள் மேசையில் என் மனைவியின் தம்பி, பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா, பிறகு நான். தலைவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என்னிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, "குளிச்சாச்சா?" என்பது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். மற்ற ஆறு நாளும் நான் சவரம் செய்துகொள்வது அந்த ஒரு நாளை நம்பித்தான்.

சென்ற புதன்கிழமை எங்களுக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்டுகளின் மேசைக்கும் சரிசமம். கேள்வி கேட்பவர் பல் டாக்டர். வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர் என்பதால், பதில் வராவிட்டாலும் அவருக்குக் கவலை கிடையாது. கடைசிக் கேள்வியாக, "விக்கலே எடுக்காத ஒரே பாலூட்டி எது?" என்றார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, நான்காம் பக்கத்தில் இரண்டு வரி இடம் காலியாகக் கிடந்தது. பக்கம் கட்டுபவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "எதையாவது குடுத்துத் தொலைங்க, வண்டி கிளம்பணும்" என்று பிராணனை வாங்கினார். எனக்கோ விக்கல், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. அந்த எரிச்சலில், 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிக்குள், "விக்கல் எடுக்காத ஒரே பாலூட்டி நீர்யானை" என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் நீர்யானை என்றால், பக்கம் கட்டுபவரின் உடல்வாகு அப்படி. என் பணிக்காலம் முழுவதிலும் கைச்சரக்காக எழுதியது அந்த ஒன்று மட்டுமே என்று உறுதி கூறுகிறேன்.

"நீர்யானை சார். எம் பொண்ணோட ஸ்கூல் புக்லயே இருக்கு" என்று பூட்டுக்காரர் காதில் ஓதினார். தெரிந்தே ஒரு பொய்யை இரண்டாம் முறை எழுதினால் பழக்கமாகிவிடும் என்று பயந்து, 'அப்படி ஒரு பாலூட்டி கிடையாது' என்று எழுதிக் கொடுத்தேன். தவறு என்றார் டாக்டர். கோப்பை ஏஜென்டுகளுக்குப் போனது. நான் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"புக்ல இருக்கு சார்."

"அந்த புக்குக்கு அப்பனே நான்தான் டாக்டர்."

"பெத்த புள்ளைய இப்பிடியா நடுச்சபையில கைவிடுவாங்க?" என்றார் நர்ஸ் அம்மா.

"பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல மாமா. சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்லக்கூடவா தெரியல?" என்றான் மச்சினன்.

மறுநாளே என்னை மேசையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீட்டில் நியாயம் கேட்டால், "நீர்யானை விக்கி நீங்க பாத்தீங்களா?" என்கிறாள் மனைவி. விடுவேனா? மிருகக்காட்சி சாலைக்குப் போன் போட்டேன். நீர்யானைக்குத் தீனி வைப்பவர் எடுத்தார்.

"பதினேழு வருஷமாப் பாக்குறேன், ஒருநாளும் விக்குனதில்ல சார்."

"மத்த மிருகமெல்லாம் விக்குதா?"

"அதையெல்லாம் யாரு பாத்தா? இதைப் பத்தித்தானே பேப்பர்ல போட்டாங்க."

ஆகவே ஐயா, எந்தப் பக்கத்தின் எந்த மூலையிலாவது, 'நீர்யானைக்கு விக்கல் வருமா என்பது எங்களுக்குத் தெரியாது' என ஒரு வரி போட்டால் போதும். வெட்டி எடுத்துப்போய் பார் சுவரில் ஒட்டி, என் இடத்தைத் திரும்பக் கேட்பேன். வரும் புதனுக்குள் வந்தால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் இதழ் பெருக, வழக்குகள் குறைய, வீட்டில் அனைவரும் சுகமாயிருக்க வாழ்த்தும்,
ஓய்வு பெற்ற நிருபர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மச்சினன் மூச்சிரைக்க வந்தான். நான் செய்த ரகளையால், இனித் தகராறுக்கே இடமில்லாதபடி, அடுத்த மாதப் புதன்கிழமைப் போட்டிகளுக்கு எல்லாக் கேள்விகளையும் தங்கள் நாளிதழின் பழைய 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிகளிலிருந்தே எடுக்கப்போவதாக டாக்டர் அறிவித்துவிட்டாராம். "உண்மையைச் சொல்லுங்க மாமா, அதுல எத்தனை உங்க சரக்கு?" என்றான். எழுநூறுக்குக் குறையாது என்றேன். அந்த இடத்திலேயே என்னை மறுபடி தலைவனாக்கிவிட்டான். ஆகவே திருத்தம் எதுவும் வேண்டாம். அந்தப் போட்டிகள் முடியும்வரை, உண்மை தெரிந்தவன் எவனாவது கடிதம் எழுதினாலும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.