பிங்க் மிக்சரும் ஒரு கைதட்டலும்

மேடையில் நாம் பேசும்போது கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டால், பிரமாதமாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இது எனக்கு இருபத்து நாலு வயதில், தாம்பரத்தில், ஒரு ஹால் நிறைய டாக்டர்களுக்கு முன்னால் தெரியவந்தது.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பயிற்சி டாக்டர். எங்கள் பேராசிரியர் தேவசகாயம் ஓய்வு பெறப்போகிறார் என்று அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சிப் பரிசு ஏற்படுத்தினார்கள். பயிற்சி டாக்டர்கள் கட்டுரை வாசிக்க வேண்டும். நன்றாக இருப்பதற்கு அவர் கையாலேயே பதக்கம். பதக்கம் எனக்குத்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். (வேறு யாருக்கும் தெரியாது.) அதோடு, என் பயிற்சிச் சான்றிதழில் அவர் கையெழுத்து பாக்கி இருந்தது. போவதற்கு முன் என்னை அவர் நல்லபடியாகக் கவனிக்க வேண்டும். கவனித்தார்.

எங்கள் வார்டில் யார் இருமினாலும் ரோஸ் கலரில் ஒரு மருந்து கொடுப்போம். எல்லோரும் ‘பிங்க் மிக்சர்’ என்பார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. பாதி நோயாளிகளுக்கு மிக்சர், பாதிப் பேருக்கு வெறும் வெந்நீர். காலையில் ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து, ஒரு இருமலுக்கு ஒரு புளியங்கொட்டை என்று டப்பாவில் போட்டு எண்ணினேன்.

“இன்னா டாக்டரம்மா, பல்லாங்குழி ஆடுறியா?” என்றார் ஒரு நோயாளி.

கம்பவுண்டர் முனுசாமி விஷயம் தெரிந்ததும் பதறினார். “போயும் போயும் இத்தையா எடுத்துகினே? வாணாம்மா, பேஜாராப் பூடும்!”

அவருக்கு வேலை கூடுகிறது, அதனால் புலம்புகிறார் என்று நினைத்தேன். என்னோடு பயிற்சியில் இருந்த சாவித்திரியோ கண்ணை அகல விரித்து, “நிஜமாவே இதையா வாசிக்கப் போறே? உனக்கு எவ்வளவு தைரியம்டி!” என்றாள். நான் வெட்கத்தோடு ‘தேங்க்ஸ்’ சொன்னேன்.

தேர்வுக் குழுவாவது தடுத்திருக்கலாம். ஆனால் நான் தலைப்பை இரண்டு வரி நீள ஆங்கிலத்தில் வைத்திருந்தேன். அது அவர்களுக்கும் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

விழாவன்று ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அப்பா வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். மிக்சருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசமே இல்லை என்றேன். ஹால் அமைதியானது. ஆஹா, கேட்கிறார்கள்! உற்சாகமாகி, கட்டுரையில் இல்லாததையும் சேர்த்தேன்: பார்க்கப்போனால் வெந்நீர் குடித்தவர்கள்தான் கொஞ்சம் குறைவாக இருமினார்கள். அமைதி இன்னும் ஆழமானது. எல்லோரும் ஏன் என்னைப் பார்க்காமல் பேராசிரியரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. விழா நாயகர், மரியாதை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முடித்ததும் பேராசிரியர் மெதுவாக எழுந்தார்.

“டாக்டர் கிரேஸ், அந்த மிக்சரை முதல்ல எழுதினது யார்னு தெரியுமா?”

“தெரியாது சார். யாரோ பழங்காலத்து ஆள்.”

“அந்தப் பழங்காலத்து ஆள் நான்தான்மா.”

ஹாலில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. அந்த நிசப்தத்தில் ஒரே ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார். அப்பா. பேராசிரியரே எழுந்து மகளிடம் பேசுகிறார், இதைவிடப் பெரிய கௌரவம் என்ன என்று அவருக்கு. நிறுத்தவும் இல்லை. பேராசிரியர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. முனுசாமி பழக்க தோஷத்தில் பிங்க் மிக்சரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பேராசிரியர் கையை உயர்த்தினார். “வேணாம்ப்பா. வெந்நீர் கொண்டா.”

பதக்கம் வேறொருவருக்குப் போனது. மறுநாள் சான்றிதழை நீட்டினேன். கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: ‘யாருடையது என்று பார்க்காமல் சோதிப்பவர்.’ பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம். கேட்கவும் தைரியமில்லை, என் தைரியமெல்லாம் அந்த ஹாலிலேயே தீர்ந்துவிட்டது.

கதையைக் கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொன்னது இரண்டாவது தவறு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாம்பாரை வாயில் வைத்தவர், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டார்:

“இது யார் பண்ணினது?”

“நான்தான்.”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று கைதட்டினார். இப்போது பேரப்பிள்ளைகள் வரைக்கும் தட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கைதட்டல் கேட்டால், அன்றைக்குச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம்.