முகம் காட்டாத கைகளைப் பற்றி மச்சானுக்கு எழுதியது

மரியாதைக்குரிய மச்சான் அலெக்சாண்டர் அவர்களுக்கு, நெய்வேலியிலிருந்து மரியஜோசப் பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உங்கள் தங்கை மரியபுஷ்பமும் சுகம். குறிஞ்சிப்பாடியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் உரக்கடையும் அப்படியே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பசு கன்று போட்டுவிட்டதா என்று எழுதவும்.

உங்களிடம் இருப்பது பட்டன் போன். அதனால் என் போனில் வாராவாரம் கண்ட நல்லவற்றைத் தபாலில் எழுதி வருகிறேன். இந்த வாரம் மூன்று. அதற்கு முன் அவசரமான ஒன்று: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து உங்கள் தங்கையைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. தயவுசெய்து வர வேண்டாம். காரணம் மூன்றாவதில் இருக்கிறது.

முதலாவது, எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை, ஒரு பெரியவர் பழைய கடிகாரத்தைக் கழற்றிப் பல்லைத் துலக்குவதுபோல ஒவ்வொரு சக்கரமாகத் துலக்கி மறுபடி பூட்டுகிறார். நாற்பது நிமிஷம் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன். கடைசியில் அது 'டிக்' என்றதும் நான் எழுந்து நின்று கை தட்டினேன். இரண்டாவது, பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் கையில் துளி பிசின் ஒட்டாமல் நாலே நிமிஷத்தில் முழுப் பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து வைத்துவிட்டார். என்ன லாவகம்! எனக்கும் உற்சாகம் பிறந்து, மந்தாரக்குப்பம் போய் ஒரு பழம் வாங்கி வந்து, கையில் எண்ணெய் தடவி உட்கார்ந்தேன். நடுவில் சந்தேகம் வந்து போனைத் தொட்டதுதான் தப்பு. பிசின் போனில் ஒட்டி, போன் காதில் ஒட்டி, கடைசியில் மீசையில் பாதியைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாவின் மேல் என் மரியாதை இரண்டு பங்கானது.

இனி மூன்றாவது. உங்கள் தங்கை ஏன் பையைக் கட்டினாள் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் மைன்ஸில் மண் தோண்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டியவன் நான். ஷிப்ட் முடிந்தால் என்னென்ன கோளாறு என்று லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ரிடையர் ஆன மறுவாரமே, பழக்க தோஷத்தில், அடுப்படியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். 'காலை: சட்னியில் உப்பு குறைவு. மதியம்: புளி அதிகம், ரசம் பத்து நிமிடம் தாமதம்.' அடுப்புக்குப் பக்கத்தில் தீ அணைக்க மணல் வாளியும் வைத்தேன். இருபது நாள் பொறுத்தவள், இருபத்தோராம் நாள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இந்த நிலைமையில்தான், மச்சான், திங்கட்கிழமை ஒரு சமையல் சேனல் என் கண்ணில் பட்டது. முகமும் இல்லை, குரலும் இல்லை. இரண்டு கைகள் மட்டும் சமைக்கின்றன. நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள்! வாழைப்பூவை ஆய்கிற பொறுமையைப் பார்த்து வாயைப் பிளந்தவன், பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். மூன்று கம்பி, சிமெண்ட் பலகை, அதன்மேல் பாதுகாப்பு வார விழாவில் எனக்குக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு. நம் அடுப்படி! உங்கள் தங்கைதான்! கைகளில் வளையல் இல்லை. சுத்தத்துக்காகக் கழற்றி வைத்திருக்கிறாள். மீன் குழம்பே வைப்பதில்லை; சைவம் சாப்பிடுகிறவர்கள் மனம் நோகக் கூடாது என்கிற நல்லெண்ணம். விரல்கள் கொஞ்சம் தடித்து, மணிக்கட்டில் முடிகூடத் தெரிந்தது. எனக்கு ஆக்கிப்போட்டே இப்படி ஆகிவிட்டனவே என்று நான் அழுதுவிட்டேன்.

அவளாகச் சொல்லாததை நான் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அன்றே நோட்டைக் கிழித்து வாளியை வெளியே எடுத்தேன். அவள் படம் பிடிக்க இடைஞ்சல் இல்லாமல் தினமும் பத்து மணிக்குக் கிளம்பி, குவார்ட்டர்ஸில் அடுத்த வரிசையில் சக்கரபாணி வீட்டெதிரே மதகுக் கட்டையில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரபாணி எனக்கு அடுத்த ஷிப்டுக்காரன். அவன் வந்தால்தான் நான் இயந்திரத்தை விட்டு இறங்க முடியும், ஆனால் நேரத்துக்கு வந்ததே இல்லை. பேச்சை நிறுத்திப் பல வருஷம். இப்போதும் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறான். உள்ளே தாளிக்கிற வாசனை மட்டும் வரும். பாவம் அவன் மனைவி திலகவதி, எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ!

மதகில் உட்கார்ந்தே சேனலுக்குப் பாராட்டும் எழுதுகிறேன். புதன்கிழமை, 'கண்ணே, இந்தக் கைகளைப் பிடித்த நான் பாக்கியசாலி' என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது! வீட்டுக்கு வந்து ரசத்தைக் குடித்துவிட்டு "அமிர்தம்" என்றேன். "இன்னாங்க, காய்ச்சலா? மூணு நாளா ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்கீங்க" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை நெற்றியில் இருந்த சுகத்தை நான் எப்படி எழுதுவேன்! உண்மையாகவே அந்த ரசம் நன்றாகத்தான் இருந்தது, மச்சான். கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷமாக நன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன். ஆகவே வர வேண்டாம்.

உங்கள் குடும்பத்தின்மேல் மாதாவின் நிழல் நீங்காதிருக்கட்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
மரியஜோசப்

பி.கு.: கவரை ஒட்ட நாலு சோற்றுப் பருக்கை கேட்டேன். உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்தவள் அடுப்படியில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தாள். "எனக்கு போன்ல படம் புடிக்கவே தெரியாதுங்க. இங்க எல்லா குவார்ட்டர்ஸ்லயும் இதே ஜன்னல்தான். அந்தத் தூக்கு உங்க ஷிப்டுக்கு மட்டுமா குடுத்தாங்க? அது சக்கரபாணி அண்ணன் கைங்க. திலகவதிக்கு வலது கை வெளங்காம போனதுல இருந்து அவருதான் ஆக்குறாரு. அவங்க பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கினு எடது கையால படம் புடிக்கிறாங்க" என்றாள். அந்தச் சிவப்பு இதயத்தை நினைத்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "கை மாறிப்போச்சு, அவ்ளோதான. எழுதினது என்னத்தான நெனச்சி எழுதினீங்க? அப்டியே போடுங்க, எங்க அண்ணன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். அன்று நான் சமைக்க வேண்டுமாம். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்களோடு வருவதா, இங்கே இருப்பதா என்று சொல்வாளாம். நாளைக் காலை சக்கரபாணி வீட்டுக் கதவைத் தட்டி ரசம் கற்றுக்கொள்ளப் போகிறேன். மச்சான், உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்: எப்படி இருந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.