ஏழு பங்களா, ஒரு பஸ்

பஸ்ஸே ஓடாத அந்தமான் காட்டில் ஏழு பஸ் நிறுத்தங்களை உண்டாக்கிய ஒரே மனிதர் எங்கள் பஸ்காரர்தான். இத்தனைக்கும் அவர் ஒரு பஸ்ஸிலும் ஏறி நான் பார்த்ததில்லை.

அறுபதுகளில் பெரார்கஞ்சில் நான் குமாஸ்தா. அவர் எங்கள் ஆபீஸில் நிலம் அளக்கச் சங்கிலி பிடிப்பவர், ராமநாதபுரத்துக்காரர். சங்கிலி விறைத்ததும் "பஸ்" என்று குரல் கொடுப்பார். இந்தியில் 'போதும்' என்று அர்த்தம். அதுவே பழகிப்போய், இலையில் சோறு போதுமென்றாலும் பஸ், மழை போதுமென்றாலும் பஸ். தன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு "பஸ்" என்றாராம். மாமனார் கடைசிவரை மன்னிக்கவில்லை என்று கேள்வி.

அவருக்கு ஒரு பாதை இருந்தது. பாதை சர்க்காருடையது, பெருமை அவருடையது. வெள்ளைக்காரன் காலத்துத் தென்னை, ரப்பர், காப்பி எஸ்டேட்டுகள் வழியாகப் போய், படாக் மரக்காட்டுக்குள் நுழைந்து, மலைக்கு அந்தப் பக்கம் குடியேறியவர்களின் ஊரில் இறங்கும். வழியில் ஏழு பாழடைந்த பங்களாக்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் குடையை மடக்கி, கதவில்லாத வாசலைப் பார்த்து இருமி, அனுமதி கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். உள்ளே ஈ காக்கை இல்லையே என்றால், ஆளில்லாத வீட்டுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி வேண்டும் என்பார்.

புதுத் தோட்டம் போடுவதற்காக அந்தக் காட்டை வேலி கட்டி அடைக்கப் போவதாக ஒருநாள் பேச்சு வந்தது. அடைத்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மலையைச் சுற்றித்தான் பள்ளிக்கூடம் வர வேண்டும். வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். மெயின்லேண்டிலிருந்து வந்திறங்கிய தஞ்சாவூர் அதிகாரி ஒருவர் நடந்து பார்த்து முடிவெடுப்பார் என்றார்கள். அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. பஸ்காரர் மூன்று நாளாக அந்தப் பாதையைப் பெருக்கினார். காட்டுப் பாதையை, துடைப்பத்தால்.

அன்று பஸ்காரர் முன்னால், அதிகாரி நடுவில், நான் பின்னால். முதல் பங்களா வந்ததும் பஸ்காரர் கையை உயர்த்தி, "பஸ், சாப்" என்றார். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே காத்திருந்தார். பஸ்காரர் பங்களாவின் கதையைச் சொல்லி முடித்து நடையைக் கட்டினார்.

"ஏம்ப்பா, பஸ் எங்கே?"

"அடுத்த பஸ் ரப்பர் பங்களா வாசல்ல, சாப். கிட்டத்தான்."

நான் விளக்கியிருக்கலாம். அந்த வயதில் விளக்குவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் சுகம். ரப்பர் பங்களாவில் பஸ். காப்பி பங்களாவில் பஸ். ஐந்தாவதில் அதிகாரி கதையில் சொக்கிப்போய், தானே வாசலைப் பார்த்து இருமினார். ஏழாவதைத் தாண்டி ஊர் தெரிந்தபோதுதான், இந்த ரூட்டில் பஸ் எப்போதும் இவ்வளவு லேட்டா என்று என்னிடம் கேட்டார். அதற்குமேல் தாங்காமல் அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பாதையும் போச்சு, எங்கள் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

மறுவாரம் அவருடைய குறிப்பு வந்தது. 'இப்பாதையில் ஏழு நிறுத்தங்கள் உள்ளன. மக்கள் புழங்கும் வழி. அடைக்கக் கூடாது.' பஸ்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

"அச்சா. ஏழுதான். கரெக்டா எண்ணிருக்காரு" என்றார், தலை நிமிர்ந்து.

அந்தப் பாதையில் பஸ் வரவேயில்லை, பிள்ளைகள் வந்தார்கள். அதைக் காப்பாற்றிய மனிதருக்குப் பின்னால் நடந்தவன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

சில வருஷம் கழித்து எனக்கு மெயின்லேண்டுக்கு மாற்றலானது. கப்பலேறும் முன் அவரோடு ஒருமுறை நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு, பங்களா தவறாமல் இருமிவிட்டுப் போனார்கள். ஏழாவது பங்களா வந்தது. எல்லாவற்றுக்கும் பஸ் சொல்கிற மனிதர் அன்று சொல்லவில்லை.

"வாங்க தம்பி, இன்னுங் கொஞ்சம் நடப்போம்" என்றார்.

எனக்கு இன்னும் போதவில்லை.