மதகுக் கையேட்டில் ஒரு நீளக் கோடு

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு மூன்று கதவுள்ள ஒரு மதகு இருந்தது. மதகைத் திறக்க ஒரு கணினி இருந்தது. கணினிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடும் இருந்தது. கையேடு இருப்பதால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று காடே நம்பியது. யாரும் அதைத் திறந்து பார்க்காதவரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்தக் கணினியில் படம் கிடையாது, தட்டிவிடப் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நேரே கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

மதகு திற --கதவு 3

இப்படி அடித்தால் மூன்றாம் கதவு திறக்கும். கதவு என்ற சொல்லுக்கு முன்னால் அந்த இரண்டு சின்னக் கோடுகள் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும், வேண்டாத இடத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும், 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று திரை சொல்லிவிடும். அது யாரையும் திட்டாது. கெஞ்சினாலும் இறங்கி வராது.

இந்த மென்பொருளை எழுதியது ஒரு குரங்கு. கையேட்டில் முதல் நாற்பது பக்கத்தை எழுதிவிட்டு அது வேறு காட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டது. பிறகு கரடி எழுதியது. அதன்பின் கிளிகள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதின. கை மாறியபோதெல்லாம் கோலமும் மாறியது. குரங்கு கட்டளையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கரடி மேற்கோள் குறிக்குள் போட்டது. கிளிகள் சில இடத்தில் சாய்த்துப் போட்டன, சில இடத்தில் போடவே மறந்தன. கதவின் எண்ணை நிரப்ப வேண்டிய இடத்தில் ஒரு பக்கத்தில் 'எண்' என்றிருக்கும், இன்னொரு பக்கத்தில் வெறும் மூன்று புள்ளி இருக்கும். முப்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

மதகு திற --கதவு இங்கே எண்ணைப் போடவும்

சென்ற வருட மழையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தது ஓர் எருமை. ஏரி நிரம்பியதும் அது கையேட்டை எடுத்தது. அதன் விதி, முப்பத்தொன்றாம் பக்கம் திறந்தது. உள்ளதை உள்ளபடி அடித்தது. அப்படியொரு கட்டளை இல்லை என்றது திரை. எருமைக்குப் பொறுமை அதிகம். அதையே பத்தொன்பது தடவை அடித்தது. இருபதாவது தடவைக்குள் கீழ்க்கரையில் பதினொரு முயல் வளைகள் தண்ணீருக்குள் போய்விட்டன.

விசாரணை நடந்தது. நீரின் அளவுமீறிய வருகையே விபத்துக்குக் காரணம் என்று முடிவானது. எருமை மேய்ச்சல் பிரிவுக்கு மாற்றப்பட்டது. கையோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது: இனிமேல் கணினியில் உட்காருபவர் கையேட்டின் கணினிப் பிரதியில் உள்ளதை மட்டும் நகலெடுத்து ஒட்ட வேண்டும், சொந்தமாக ஓர் எழுத்து சேர்த்தாலும் வேலை போகும். எருமையின் இடத்துக்குச் சுடலைமுத்து என்ற நீர்நாய் வந்தான்.

கீழ்க்கரையில் ஒரு பனைமரம். அதில் வடிவு என்ற தூக்கணாங்குருவி குடியிருந்தாள். தூக்கணாங்குருவிக் குலத்தில் கூடு கட்டுவது ஆண். பெண் வந்து உள்ளே நுழைந்து, இழையை இழுத்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடுவாள். வடிவு அப்படி ஒன்பது கூடுகளைத் தள்ளியவள். ஒன்பதாவது குருவி, தன் கூட்டில் என்ன குறை என்று அழுதுகொண்டே கேட்டதற்கு, நுழைவாயில் இழை இடதுபக்கம் ஒரு முறுக்கும் வலதுபக்கம் இன்னொரு முறுக்குமாக இருப்பதாகச் சொன்னாள். அதன்பின் யாரும் அவளுக்காகக் கூடு கட்டவில்லை.

அந்தப் பனையின் அடியில்தான் செண்பகம் என்ற முயலின் வளை இருந்தது. வெள்ளத்தில் வளை போய், ஆறு குட்டிகளோடு அவள் ஒரு வாரம் பாறைமேல் நனைந்துகொண்டு கிடந்ததை வடிவு மேலிருந்து பார்த்தாள். ஏழாம் நாள் பறந்து போய்க் கையேட்டை வாங்கிப் படித்தாள். மூன்றாம் பக்கத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.

கையேடு முழுக்க ஒருமை வேண்டும், தானே திருத்தித் தருகிறேன் என்று கையேட்டுக் குழுவுக்கு மனு எழுதினாள். குழுத் தலைவர் அலங்காரம் என்ற மயில். அவர் கையேட்டைத் திறந்தது அட்டைப்படத்தில் தன் தோகை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். மனுவைப் படித்துவிட்டு, இளைஞர்கள் இப்படி ஆர்வம் காட்டுவது நல்லது என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

வடிவு மூன்று மாதம் உழைத்தாள். அவள் ஒவ்வொரு கட்டளையாக வாசிப்பாள், சுடலைமுத்து அடித்துப் பார்ப்பான். வேலை செய்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் எங்கே பிழை என்று தேடுவார்கள். சோதனைக்கு அடிப்பது சுற்றறிக்கையில் வராது என்று குழுவிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒருநாள் பூராவும் ஓடியது. மாலையில் சுடலைமுத்து மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"எம்மா, இந்தக் கட்டளை இந்த மெஷினுக்கு உள்ளதே இல்ல. கரடி வேற ஏதோ ஏரிக்கு எழுதுனத இங்க கொண்டாந்து ஒட்டியிருக்கு."

கடைசியில் எல்லாம் ஒரு வழிக்கு வந்தது. கட்டளைகள் எல்லாம் ஒரே எழுத்தில், தனி வரியில். நிரப்ப வேண்டிய இடம் எல்லாம் ஒரே மாதிரி அடைப்புக்குள். அடைப்பை அப்படியே அடிக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் நூற்றுநாற்பதாகச் சுருங்கியது. வடிவு அதைப் புரட்டிப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூடு பிடித்துப்போனதைப் போல இருந்தது.

குழு கூடியது. பக்கம் குறைந்தால் குழுவின் மதிப்பும் குறையுமே என்று கரடி கவலைப்பட்டது. கிளிகள் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்லி ஒப்புக்கொண்டன. எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் அலங்காரம் கழுத்தைச் சாய்த்து ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தார். இந்த இரண்டு குட்டைக் கோடுகள் எதற்கு என்று கேட்டார். பல்லி நடந்த தடம் மாதிரி இருக்கிறது, இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக இழுத்துவிட்டால் பக்கத்துக்கு ஒரு கம்பீரம் வரும் என்றார்.

கணினிக்கு நீளக் கோடு தெரியாது, இரண்டு சின்னக் கோடுதான் தெரியும் என்று வடிவு பணிவாக எடுத்துச் சொன்னாள்.

"கையேட்டை வாசிக்கப்போவது கணினியா, நாமா?" என்றார் அலங்காரம்.

அதற்குப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வடிவு வாயைத் திறந்தாள். அதற்குள் கிளிகள் அந்தக் கேள்வியையே பதினாலு தடவை திருப்பிக் கேட்டுவிட்டன. ஓட்டெடுப்பில் நீளக் கோடு ஒருமனதாக வென்றது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பழைய கையேடே தொடரும் என்று தலைவர் கனிவாகச் சொன்னார். வடிவு யோசித்தாள். பழைய கையேடு என்றால் முப்பத்தொன்றாம் பக்கமும் திரும்பி வரும். ஒரு கோட்டுக்காக மூன்று மாத உழைப்பையும் விடுவதா? மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நீளக் கோடு உள்ள இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள் அடிக்கவும்' என்று ஒரு குறிப்புச் சேர்த்தால் போதும் என்று சமாதானம் ஆனாள். ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

அச்சாவதற்கு முதல்நாள் அந்த அடிக்குறிப்புகள் எல்லாம் நீக்கப்பட்டன. காட்டின் வேறு எந்தக் கையேட்டிலும் அடிக்குறிப்பு இல்லை, இதில் மட்டும் இருந்தால் ஒருமை கெடும் என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. ஒருமை என்ற அந்தச் சொல், வடிவு தன் மனுவில் எழுதிய சொல்தான்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் மதியம் ஏரி கழுத்தளவுக்கு ஏறியது. மதகு திறக்கும் சத்தம் கேட்கும், கேட்கும் என்று பனைமரத்தில் காத்திருந்த வடிவு, அது கேட்காமல் போகவே மழையிலேயே மதகு அறைக்குப் பறந்தாள். பழைய எருமை என்றால் தெரியாமல் விழிக்கும் என்று சொல்லலாம், சுடலைமுத்துவுக்கு எல்லாக் கட்டளையும் தலைகீழ்ப் பாடம். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை.

சுடலைமுத்து நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் மூன்று வரி இருந்தது. மூன்றும் ஒரே வரி.

மதகு திற —கதவு 3

ஒவ்வொன்றுக்கும் கீழே, அப்படியொரு கட்டளை இல்லை என்ற பதில்.

"கையேட்டுல உள்ளபடி ஒட்டுனேன். இல்லங்குது," என்றான்.

"ரெண்டு சின்னக் கோடு போடுங்கண்ணே. உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். தெரிஞ்சத அடிக்கக் கூடாதுன்னுதான சுற்றறிக்கை. எனக்கு நாலு பிள்ள இருக்கும்மா."

செண்பகத்தின் வளை வாசலில் தண்ணீர் நிற்கிறது, குட்டிகள் உள்ளே இருக்கின்றன என்று வடிவு சொன்னாள். அவன் திரையைப் பார்த்தான், கையேட்டைப் பார்த்தான். அட்டையைத் திருப்பி உள்பக்கத்தில் இருந்த பெயரைக் காட்டினான்.

"இது ஒன் கையெழுத்துதானம்மா?"

வடிவு கையேட்டின் மேல் குனிந்தாள். சிறகிலிருந்து தண்ணீர் சொட்டிக் கையேட்டில் விழுந்தது. தான் போட்ட கையெழுத்தின் மை கரைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அது முழுதும் கரைந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நல்ல மை, கரையவில்லை.

சுடலைமுத்து பெருமூச்சு விட்டான். நீளக் கோட்டை அழித்தான். இரண்டு சின்னக் கோடுகளை ஒவ்வொன்றாக அடித்தான். கீழே எங்கோ இரும்பு முனகியது. மூன்றாம் கதவு ஏறியது, தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது. கீழ்க்கரையில் ஒரு வளையும் போகவில்லை. செண்பகத்தின் கடைசிக் குட்டிக்கு வால் மட்டும் நனைந்தது.

மறுபடி விசாரணை. இந்தமுறை அலங்காரமே அறிக்கை வாசித்தார். பழைய கையேட்டில் ஏழு விதமான பிழைகள் இருந்தன, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு. புதிய கையேட்டில் ஒரே விதமான பிழைதான் இருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் விடாமல் எல்லாக் கட்டளையிலும் சீராக இருக்கிறது. இந்தக் காட்டின் வரலாற்றில் இப்படி ஓர் ஒழுங்கு வந்ததில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. வடிவுக்குப் பாராட்டுப் பத்திரமும், வடிவ ஒருமை அலுவலர் என்ற பதவியும் அறிவிக்கப்பட்டன.

அப்படியானால் கதவு எப்படித் திறந்தது என்று கூட்டத்தில் ஒரு நத்தை மெதுவாகக் கேட்டது.

"கதவு திறந்தது உண்மை. ஆனால் கையேட்டின்படி திறக்கவில்லை," என்றார் அலங்காரம். "அதைத்தான் விசாரிக்கிறோம்."

வடிவு எழுந்து, அப்படி அடிக்கச் சொன்னது தான்தான் என்று சொன்னாள். தலைவர் அவளை அன்போடு பார்த்தார். சொல்வதைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை, ஆகவே சொன்னது குற்றமில்லை, அடித்ததுதான் குற்றம் என்று விளக்கினார். சுடலைமுத்துவுக்காகச் செண்பகம் ஒரு மனு கொண்டுவந்தாள். அதில் தேதியை மேலே எழுதுவதற்குப் பதில் கீழே எழுதியிருந்தாள், ஆகையால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வடிவின் புது மேசைக்கு முதல் கோப்பு வந்தது. சுடலைமுத்துவை வேலையிலிருந்து நீக்கும் ஆணை, வடிவ ஒருமை பார்த்துத் தருவதற்காக. அவள் அதைத் தொடவே கூடாது என்று தள்ளி வைத்தாள். அரைமணி நேரம் சன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். தான் விட்டால் அந்த நாற்காலியில் கிளி உட்காரும் என்றும் நினைத்தாள். பிறகு, சும்மா வாசிக்கத்தானே என்று எடுத்தாள்.

முதல் பத்தியில் 'சுடலைமுத்து' என்று சேர்த்து எழுதியிருந்தது. இரண்டாம் பத்தியில் 'சுடலை முத்து' என்று பிரித்து. ஓரிடத்தில் 'அவன்', இன்னோர் இடத்தில் 'அவர்'. அவளுக்குக் கண்ணில் மண் விழுந்ததைப் போல உறுத்தியது. தன்னைத் தடுத்துத்தான் பார்த்தாள். அலகு தானாகப் பேனாவை எடுத்தது. பெயரை எல்லா இடத்திலும் சேர்த்தாள். மரியாதை கருதி எல்லா இடத்திலும் 'அவர்' ஆக்கினாள். ஓரம் ஒட்டாமல் நின்ற ஒரு வரியை உள்ளே தள்ளினாள். முடித்தபோது ஆணை பார்க்க நன்றாகவே இருந்தது. அது நன்றாக இருந்ததில் தனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்ததை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஆணையைக் கொடுக்கவும் அவளையே அனுப்பினார்கள். சுடலைமுத்து கரையில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தான். பின்னால் பிள்ளைகள் நாலும் மூட்டையோடு நின்றன.

"ஒரு பிழை இல்லம்மா," என்றான். "சுத்தமா இருக்கு."

நீதி: எல்லோரும் ஒரே மாதிரித் தவறு செய்தால் அதற்குப் பெயர் தரம், ஒருவன் மட்டும் சரியாகச் செய்தால் அதற்குப் பெயர் ஒழுங்கீனம்.